'தவிர்க்க முடியாதது' என்று எழுதும் முன்: மத்தியதரைக்கடல் நாடுகளில் இயற்கை மீட்புத் திட்டம் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி, கிரீஸ் உள்ளிட்ட நாடுகளில் தேசிய இயற்கை மீட்புத் திட்டத்தின் வரைவை எழுதும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல். ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கை மீட்புச் சட்டம் 2024 ஆகஸ்ட் 18 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 4-ஆவது பிரிவில் ஒரு விலக்குப் பட்டியல் இருக்கிறது. பாதுகாக்க வேண்டிய ஒரு வாழிடத்தை ஒரு நாடு மீட்கத் தவறினால், அல்லது கெடவிட்டால், எந்தக் காரணங்களைச் சொல்லி அந்த நாடு தப்பலாம் என்பதே அந்தப் பட்டியல். காலநிலை மாற்றம் நேரடியாக உண்டாக்குகிற, தவிர்க்க முடியாத வாழிட மாற்றங்கள் என்பதும் அதில் ஒரு காரணம்.

அந்த வரியை நான் சட்டப் புத்தகத்தில் தேடிப் படிக்கவில்லை. ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்தில் என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். திரையில் வரைபடம் ஒன்றைக் காட்டினார்கள். ஒவ்வொரு வாழிடத்துக்கும் ஒரு நிறம். பீச் மரக்காட்டுக்கு அடர்பச்சை. அந்த அடர்பச்சைக்குள் இருந்த ஒரு சரிவு, பல வருடங்களாக நான் நடந்து பழகிய சரிவு. அங்கே இப்போது பீச் அநேகமாக இல்லை. மிச்சமிருக்கும் சில மரங்களும் உச்சி காய்ந்து நிற்கின்றன. எழுந்து அதைச் சொன்னேன். மேடையில் இருந்தவர் மறுக்கவில்லை. "தெரியும். ஆனால் நம்மிடம் இருக்கும் வரைபடம் இதுதான். காலநிலையால் மாறிப்போனால் அதற்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது" என்றார். அப்புறம் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

அவர் யார், எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப் போவதில்லை. அவர் அலட்சியமாகப் பேசவில்லை. அமைதியாக, நம்பிக்கையோடு சொன்னார். அதனால்தான் எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஒரு காடு இடம் மாறிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தும், அது எங்கே போகிறது, போகிற வழியில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்காமலேயே 'தவிர்க்க முடியாதது' என்று எழுதி மூடிவிட முடிகிறது. 2026 செப்டம்பர் 1-ஆம் தேதிக்குள் உங்கள் வரைவுகள் ஐரோப்பிய ஆணையத்துக்குப் போக வேண்டும். அதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும்.

நான் விஞ்ஞானி இல்லை. திண்டுக்கல் பக்கம், சிறுமலை அடிவாரத்தில் பிறந்தவன். பதினோரு வருடமாகப் பார்சிலோனாவுக்கு வடகிழக்கே, தொர்தேரா ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு நாற்றங்காலில் வேலை செய்கிறேன். காட்டில் நடுவதற்கான மரக்கன்றுகளைக் குழித்தட்டுகளில் வளர்ப்பது எங்கள் வேலை. ஐரோப்பிய விதிப்படி ஒவ்வொரு தட்டுக்கும் விதையின் பிறப்பிடத்தைச் சொல்லும் சீட்டு உண்டு. அந்தச் சீட்டுகளை ஒட்டுவதும், ஆர்டர் பட்டியலோடு ஒப்பிட்டு வண்டியில் ஏற்றுவதும் என் பொறுப்பு. அதனால் எந்த மரத்தை எந்த உயரத்தில் நடச் சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆர்டர் வந்தது. எந்த மலை, யார் கேட்டது என்பதை விட்டுவிடுகிறேன். இரண்டாயிரம் பீச் கன்றுகள். நடும் இடம் 900 மீட்டர் உயரத்தில், தெற்குப் பார்த்த சரிவு. பழைய ஆவணத்தில் அந்த இடம் பீச் காடு என்று இருந்ததால் பீச் காட்டை 'மீட்க' வேண்டுமாம். என்னோடு வேலை செய்யும் வயதான கத்தலான் அம்மா ஒருவர் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அல்சீனா கேட்கிற மண்ணில் ஃபாச் வைக்கிறார்கள்" என்றார். அல்சீனா என்பது இங்கே அடிவாரமெங்கும் இருக்கும் பசுமைமாறா ஓக் மரம். கோடையின் வறட்சியைத் தாங்கும், சிறிய, தடித்த இலைகள். ஃபாச் என்பது பீச். மெல்லிய அகன்ற இலை, மூடுபனி வேண்டும், கோடையிலும் மண்ணில் ஈரம் வேண்டும். வாடிக்கையாளர் கேட்டதைக் கொடுப்பதுதானே எங்கள் தொழில். ஏற்றி அனுப்பினோம்.

மறு வருடம் செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சரிவுக்கு நானே போனேன். ஆடுமாடும் மானும் கடிக்காமல் இருக்கப் போட்ட பிளாஸ்டிக் குழாய்கள் வரிசை வரிசையாக நின்றன. தூரத்திலிருந்து பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. முதல் குழாய்க்குள் இரண்டு விரல் விட்டேன். குச்சி 'டக்'கென்று ஒடிந்தது. அடுத்ததன் பட்டையை நகத்தால் கீறினேன், உள்ளே பச்சை இல்லை. நாற்பது குழாய்களை எண்ணிப் பார்த்தேன். மூன்றில் மட்டும் உயிர் இருந்தது. ஒரு குழாயின் அடியில், வெளிப்பக்கமாக, யாரும் நடாத ஓர் ஓக் கன்று முளைத்திருந்தது. ஐந்து இலை. ஓரத்தில் முள் முள்ளாக, விரலைக் குத்தியது. ஜே என்கிற பறவை குளிர்காலத்துக்காக ஓக் கொட்டைகளை மண்ணில் புதைத்து வைக்கும். எடுக்க மறந்த கொட்டை முளைத்துவிடும். இந்தச் சரிவுக்கு எந்த மரம் என்பது அந்தப் பறவையின் மறதியில் சரியாக அமைந்திருக்கிறது. எங்கள் பட்டியலில் அமையவில்லை.

இதை ஒருவரின் தனி அனுபவம் என்று ஒதுக்கிவிடலாம். அதனால் என் வீட்டு மொட்டைமாடியிலிருந்து தெரியும் மொன்செனி மலையைப் பற்றி, விஞ்ஞானிகள் சொன்னதையே சொல்கிறேன். 1977-இல் இயற்கைப் பூங்காவாகவும் 1978-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட மலை அது. அடிவாரத்தில் ஓக், நடுவில் பீச், உச்சிக்கு அருகில் வெள்ளி ஃபர் மரங்கள் கொஞ்சம். மத்தியதரைக்கடல் காட்டிலிருந்து நடு ஐரோப்பியக் காட்டுக்கு அரை நாளில் நடந்து ஏறிவிடலாம். 2003-இல் ஜோசெப் பென்யுவெலாஸ், மார்த்தி போவாதா என்ற இருவரும் இந்த மலையின் தாவரங்களை 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு உங்கள் அலுவலகங்களில் நிச்சயம் இருக்கும். அரை நூற்றாண்டில் இங்கே வெப்பநிலை 1.2 முதல் 1.4 டிகிரி வரை கூடியிருந்தது. உச்சிப் பகுதியில் பீச் சுமார் 70 மீட்டர் மேலே ஏறியிருந்தது. 800 மீட்டரிலிருந்து 1,400 மீட்டர் வரையிலான நடுப்பகுதியில் பீச்சின் இடத்தை ஓக் பிடித்துக்கொண்டிருந்தது. வெயில் மட்டும் காரணமில்லை, மேய்ச்சலும் பழைய முறைப்படி தீயிடுவதும் நின்றுபோனதும் காரணம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அதையும் மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் என் வாதத்துக்கு அது முக்கியம். மனிதர் கையில் இருக்கிற காரணங்களும் கலந்திருக்கும் மாற்றத்தை முழுக்கத் 'தவிர்க்க முடியாதது' என்று எப்படிச் சொல்வது?

அந்த மலையின் உச்சி 1,700 மீட்டருக்குச் சற்று மேல். 70 மீட்டர் ஏறிய பீச் இன்னும் எவ்வளவு ஏறும்? துரோ தெ லோமெ உச்சியில் நின்றால் அதற்கு மேல் ஒரு வானிலை நிலையமும் காற்றும்தான். வடக்கே பைரனீஸ் மலை நல்ல வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியும். ஆனால் நடுவில் நெடுஞ்சாலைகள், வயல்கள், ஊர்கள். பீச் மரம் நாற்பது, ஐம்பது வயதுக்கு மேல்தான் நன்றாகக் காய்க்கும். அதுவும் எல்லா வருடமும் இல்லை. அதன் விதை காற்றில் பறக்காது, மரத்தடியில் விழும். எலியோ பறவையோ தூக்கிப் போனால் கொஞ்ச தூரம். இப்படி நகர்கிற ஒரு மரத்துக்கு நாம் கொடுக்கும் அவகாசம் எத்தனை வருடம்? மேலே ஏற இடமில்லாத காடு எப்படி இருக்கும் என்று எங்கள் ஊர்ப்பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழனி மலையின் சோலைக்காடுகள் அப்படித்தான் மடிப்புகளில் ஒண்டிக்கொண்டிருக்கின்றன.

பீச் நிழலுக்குக் கீழே ஓடும் ஓடைகளில் ஓர் உயிர் இருக்கிறது. இங்கே 'ட்ரிட்டோ' என்பார்கள். தவளையின் உறவு, பல்லியின் வடிவம், ஒரு விரல் நீளம், பழுப்பு நிறம். உலகத்தில் மொன்செனி மலையைத் தவிர வேறெங்கும் கிடையாது. தனி இனம் என்று 2005-இல்தான் கண்டுபிடித்தார்கள். அழியும் ஆபத்தின் உச்சக் கட்டத்தில் இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் ஓடைத் தண்ணீரிலேயே இருக்கும், பெரிதும் தோலால் மூச்சுவிடும், அதனால் தண்ணீர் குளிர்ச்சியாக, ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தொர்தேரா ஆற்றின் கிழக்கே ஒரு கூட்டம், மேற்கே ஒரு கூட்டம். ஒன்றோடொன்று கலக்க வழியில்லாமல் பிரிந்து கிடக்கின்றன. 2007-லிருந்து இதைத் தொட்டிகளில் வளர்த்துப் பெருக்குகிறார்கள். ஓடைகளில் விடவும் செய்கிறார்கள். அந்த வேலையைச் செய்பவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் விடுவதற்கு ஓடை வேண்டுமே.

2021-இல் தொடங்கிய வறட்சி ஞாபகம் இருக்கும். 2024 பிப்ரவரி 1 அன்று பார்சிலோனா வட்டாரத்தில் தண்ணீர் அவசரநிலை அறிவித்தார்கள். இந்த மலைக்கு வடக்கே சௌ நீர்த்தேக்கத்தில், அணை கட்டியபோது மூழ்கிய பழைய சான் ரொமா தேவாலயம் அடித்தளம் வரை வெளியே தெரிந்தது. நானும் போய்ப் பார்த்தேன். வெடித்த சேற்றில் பிள்ளைகள் நடந்து போய்ச் சுவரைத் தொட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோடையில்தான் ஆகஸ்ட் மாதத்திலேயே பீச் இலைகள் காய்ந்து உதிர்ந்து கிடப்பதை முதல் முறையாகப் பார்த்தேன். நடந்தால் காலடியில் நவம்பர் மாதச் சத்தம். நான் குனிந்து தண்ணீர் குடித்துப் பழகிய ஓர் ஓடையில் கல்லைப் புரட்டினேன். கீழே ஈரம் இருந்தது, தண்ணீர் இல்லை. அதே ஓடையின் கீழ்ப்பகுதியில் நீர் உறிஞ்சும் குழாய் இருந்தது. மழை பெய்யாதது காலநிலை. அந்தக் குழாய் யாரோ கையெழுத்துப் போட்ட அனுமதி.

இந்த வேறுபாட்டைத்தான் நீங்கள் உங்கள் வரைவில் எழுத வேண்டும் என்கிறேன்.

ஸ்பெயினின் தெற்கில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரிகிறது. அங்கே தோன்யானா என்ற சதுப்புநிலம் 1969-லிருந்து தேசியப் பூங்கா, 1994-லிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். அதன் நிரந்தர ஏரிகளிலேயே பெரியதான சாந்தா ஒலாய்யா, 2022 கோடையில் முழுக்க வற்றியது. 2023-இல் மறுபடியும் வற்றியது. அங்குள்ள பெரிய குட்டைகளில் ஏறக்குறைய 59 விழுக்காடு 2013-லிருந்தே நிரம்பவில்லை என்று 2023-இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. மழை குறைந்தது உண்மை, வெயில் கூடியதும் உண்மை. ஆனால் வேலிக்கு வெளியே ஸ்ட்ராபெர்ரி தோட்டங்களுக்காக நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருந்தார்கள். ஏரிகளைச் சுற்றி எல்லை வரைந்த நாம், அந்த ஏரிகளுக்குத் தண்ணீர் கொடுக்கும் நிலத்தடி நீர்ப்படுகைக்கு எல்லை வரையவில்லை. 2021 ஜூனில் ஐரோப்பிய நீதிமன்றமே ஸ்பெயினின் மீது தீர்ப்புச் சொல்லிற்று. சட்டவிரோதமாக எடுக்கப்படும் தண்ணீரைக் கணக்கிலேயே எடுக்கவில்லை என்று. அதற்குப் பிறகும் பாசனத்தை விரிவாக்க ஒரு மசோதா வந்தது, பெரிய எதிர்ப்பு எழுந்தது, கடைசியில் 2023 நவம்பரில் 140 கோடி யூரோ ஒப்பந்தத்தில் முடிந்தது. நன்றாகப் பராமரிக்கப்படும் பாதுகாப்புப் பகுதிகளுக்கு உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் (IUCN) தரும் பசுமைப் பட்டியல் தகுதியை அதே ஆண்டு டிசம்பரில் தோன்யானா இழந்தது. இன்றைய விலக்கு வரி அன்றைக்கே இருந்திருந்தால், அந்த வழக்கில் அதை நீட்டியிருப்பார்களா மாட்டார்களா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கிரீஸின் தாதியா காட்டைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. கருநிறப் பிணந்தின்னிக் கழுகுகளுக்குப் பேர்போன அந்தத் தேசியப் பூங்கா 2022-இல் எரிந்தது, 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் இதுவரை பதிவு செய்ததிலேயே பெரிய காட்டுத்தீயில் மறுபடி எரிந்தது. எரிந்த காட்டைத் திரும்ப எழுப்ப நீங்கள் எந்தக் காலத்துக் காட்டை மனதில் வைத்துத் திட்டம் எழுதுவீர்கள் என்பது மட்டும்தான் என் கேள்வி.

பிரான்சில், ரோன் நதியின் கழிமுகமான கமார்க்கில் நடந்ததை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே யாரோ துணிந்து ஒரு முடிவெடுத்தார்கள். 1859-இல் கட்டிய கடல் தடுப்புக் கரை, உப்பளங்கள், பூநாரைகள் என்று மனிதர் கைபட்டே உருவான நிலம் அது. பூநாரைகள் கூடு கட்ட 1970-இல் ஃபாங்காசியே குளத்துக்குள் ஒரு செயற்கைத் தீவையே அமைத்தார்கள். உப்பு நிறுவனம் பின்வாங்கியபோது 6,500 ஹெக்டேருக்கும் அதிகமான பழைய உப்பளங்களைப் பொது நில அமைப்பு ஒன்று வாங்கியது. கடலை எதிர்த்து முன்வரிசைக் கரையைத் திரும்பத் திரும்பக் கட்டுவதை நிறுத்தியது. கடலைக் கொஞ்சம் உள்ளே வரவிட்டது. உப்புச் சதுப்பு தானாக மீண்டு வருகிறது. ஆனால் குளத்துக்கு இறைத்து விடும் தண்ணீர் நின்றதும் பூநாரைகள் அந்தத் தீவை விட்டுவிட்டு, மேற்கே இன்னும் உப்பு விளைகிற ஏக்-மோர்த் உப்பளத்துக்குப் போய்விட்டன. பாதுகாக்கப்பட்ட தீவு காலி, வியாபாரம் நடக்கிற உப்பளத்தில் குஞ்சுகள். பறவைகள் எல்லைக்கல்லைப் பார்ப்பதில்லை. அங்குள்ள மீனவர்களுக்கும் விவசாயிகளுக்கும் அந்த முடிவின் மீது இன்னும் கோபம் உண்டு. அவர்களிடம் முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணமும். ஆனாலும் நிலம் நகர்கிறது என்பதை ஒத்துக்கொண்டு எடுத்த முடிவு அது. உங்கள் வரைவுகளில் நான் தேடுவது அந்த ஒத்துக்கொள்ளலை.

இன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 18 விழுக்காடு நேச்சுரா 2000 என்ற பாதுகாக்கப்பட்ட இடங்களின் வலையமைப்பில் இருக்கிறது. 1992-இல் வந்த வாழிடச் சட்டத்தின் பிள்ளை அது. பெரிய சாதனை, சந்தேகமே இல்லை. அது இல்லாவிட்டால் நான் நடக்கிற பாதைகளில் பாதி இன்று தொழிற்பேட்டையாக இருந்திருக்கும். ஆனால் அது எங்கே எது இருக்கிறதோ அங்கே அதைக் காப்பது என்ற எண்ணத்தில் வரைந்த கோடு. மிகேல் அராவூஜோவும் உடன் ஆய்வாளர்களும் 2011-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள்: நேச்சுரா 2000 இடங்களில் இருக்கும், ஐரோப்பா அக்கறை காட்டும் இனங்களில் சுமார் 63 விழுக்காடு, 2080-க்குள் அந்த இடங்களில் தமக்கேற்ற காலநிலையை இழக்கக்கூடும். மத்தியதரைக்கடல் வட்டாரம் உலகச் சராசரியைவிட 20 விழுக்காடு வேகமாகச் சூடாகிறது என்று 2020-இல் இந்த வட்டாரத்து நிபுணர் குழுவே அறிக்கை தந்தது. வெப்பமாதல் கட்டுக்குள் வராமல் போனால் தெற்கு ஸ்பெயினில் பாலைவனம் விரியும், இலையுதிர் காடுகளின் இடத்தை மத்தியதரைக்கடல் புதர்க்காடு பிடிக்கும் என்று ஆய்வாளர்கள் 2016-இலேயே எழுதிவிட்டார்கள். இவையெல்லாம் உங்களுக்குத் தெரியாதவை இல்லை. தெரிந்தும் வரைபடம் மாறவில்லை என்பதே என் மனக்குறை.

'எல்லையை நகர்த்துங்கள் என்றால், பழைய இடத்தைக் கட்டிடக்காரர்களிடம் கொடுத்துவிடச் சொல்கிறாயா' என்று கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் ஒரு பெண்மணி கேட்டார். நியாயமான பயம். இல்லை, அப்படிச் சொல்லவே இல்லை. பீச் போன சரிவில் ஓக் வருகிறது. ஓக் எதிரி இல்லை, இந்த மண்ணின் மரம்தான், தெற்கிலிருந்து மேலேறி வரும் எத்தனையோ பூச்சிக்கும் பறவைக்கும் அதுதான் வீடு. ஐரோப்பாவில் பருவத்துக்குப் பருவம் வலசை போகாத 35 பட்டாம்பூச்சி இனங்களை ஆராய்ந்தபோது, அவற்றில் 63 விழுக்காடு ஒரே நூற்றாண்டில் 35 முதல் 240 கிலோமீட்டர் வரை வடக்கே நகர்ந்திருந்ததாக 1999-இல் கண்டார்கள். வருகிறவர்களுக்கும் பாதுகாப்பான இடம் வேண்டும். அதனால் பழைய கோட்டுக்குள் ஓர் அடி நிலத்தைக்கூட விட வேண்டாம். அதோடு புதிய இடத்தைச் சேருங்கள் என்கிறேன்.

சரி, கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

விலக்கு வரியைப் பயன்படுத்தும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தனிப் பக்கம் எழுதுங்கள். அந்த இடத்தில் எவ்வளவு தண்ணீர் எடுக்க அனுமதி இருந்தது, எந்தச் சாலை குறுக்கே போனது, மேய்ச்சலை என்ன செய்தீர்கள், தீ வராமல் என்ன பார்த்தீர்கள் என்று. மனிதர் கையில் இருந்த அத்தனையையும் செய்து முடித்த பிறகும் வாழிடம் மாறியது என்று காட்ட முடிந்தால் மட்டும் 'தவிர்க்க முடியாதது' என்று எழுதுங்கள். அந்தப் பக்கத்தைப் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிடுங்கள். வெளியிடாமல் வைத்தால் அந்த விலக்கு யாருக்காகவோ கொடுத்ததாகத்தான் மக்கள் நினைப்பார்கள்.

வரைபடத்தில் இன்றைய நிறத்துக்குப் பக்கத்தில் 2050-இன் நிறத்தையும் 2080-இன் நிறத்தையும் போடுங்கள். துல்லியமாக இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வடக்குப் பார்த்த பள்ளங்கள், கோடையிலும் வற்றாத ஊற்றுகள், மூடுபனி தங்கும் முகடுகள் ஆகியவை எந்தக் கணக்குப்படியும் கடைசியாகத்தான் சூடாகும். அவற்றில் எத்தனை இன்றைய எல்லைக்கு வெளியே இருக்கின்றன என்று முதலில் எண்ணுங்கள். விலை ஏறும் முன் அவற்றை உள்ளே கொண்டுவாருங்கள். வாழிடச் சட்டப்படி ஆறு வருடத்துக்கு ஒருமுறை அறிக்கை கொடுக்கிறீர்கள். அந்த அறிக்கையோடு எல்லையையும் மறுபரிசீலனை செய்யுங்கள்.

ஓர் ஏரியையோ ஓடையையோ காப்பதாக எழுதினால், அதற்குத் தண்ணீர் வருகிற நிலம் முழுவதும், நிலத்தடி நீர்ப்படுகையோடு சேர்த்து, அதே பக்கத்தில் இருக்க வேண்டும். வறட்சி அறிவித்த நாளிலிருந்து பாதுகாக்கப்பட்ட ஓடைகளில் எடுக்கும் அளவு தானாகக் குறையும்படி அனுமதியிலேயே எழுதுங்கள். ட்ரிட்டோ போன்ற உயிருக்குக் குழு கூடித் தீர்மானம் போடும் வரை காத்திருக்கும் வசதி இல்லை.

1992 சட்டத்தின் 10-ஆவது பிரிவை மறுபடி எடுத்துப் படியுங்கள். உயிர்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போக உதவும் ஆறுகள், பழைய வயல் வரப்புகள், குட்டைகள், சிறு தோப்புகளைப் பேண வேண்டும் என்று அது அன்றைக்கே சொல்லியிருக்கிறது. 'முயல வேண்டும்' என்ற அளவில் எழுதியதால் முப்பது வருடம் ஏட்டிலேயே கிடந்தது. உங்கள் வரைவில் அதற்குப் பணம் ஒதுக்குங்கள். வயல் வரப்பில் வேலிமரம் வைத்துக் காக்கும் விவசாயிக்கு ஆண்டுதோறும் கூலி கொடுங்கள். அவர்களை எதிரியாக்கிக்கொண்டு எந்தக் காட்டையும் எங்கேயும் நகர்த்த முடியாது.

கடைசியாக என் தொழில் சம்பந்தமானது. நடவுப் பட்டியலை எழுதுபவர் அந்தச் சரிவில் ஒரு கோடையாவது நடந்திருக்க வேண்டும். 900 மீட்டர் தெற்குச் சரிவுக்கு பீச் கேட்காதீர்கள். அங்கே ஓக் தானாக வருகிறது, வரவிடுங்கள். பீச்சை அதற்கு இன்னும் பிடிக்கிற இடத்தில், வடக்குப் பள்ளங்களில் வையுங்கள். கத்தலோனியாவின் தென்கோடியில் போர்ட்ஸ் மலையில் இன்றும் ஒரு பீச் காடு இருக்கிறது. நம்மைவிட வெயிலைப் பார்த்த மரங்கள். அங்கிருந்து கொஞ்சம் விதை எடுத்து, உள்ளூர் விதையோடு கலந்து, சிறிய அளவில், எது பிழைத்தது என்று கணக்கு வைத்து நட்டுப் பார்க்க எங்களுக்கு அனுமதி கொடுங்கள். பிறப்பிடச் சீட்டு விதி இப்போது அதற்குத் தடையாக இருக்கிறது. செத்துப்போன கன்றுகளின் கணக்கையும் எங்களிடம் கேளுங்கள். இதுவரை யாரும் கேட்டதில்லை. எத்தனை நட்டோம் என்ற எண்ணிக்கை மட்டும்தான் அறிக்கைகளில் போகிறது.

பீச் கொட்டைகளை அக்டோபரில் பொறுக்குவோம். குளிர்காலம் முழுக்க ஈர மணலோடு குளிரில் வைத்து, வசந்தத்தில் குழித்தட்டில் போடுவோம். அக்டோபருக்குள் எந்த விதை, எந்த மலையிலிருந்து, எந்தச் சரிவுக்கு என்று எழுதி அனுப்புங்கள். கூட்டத்தில் நான் காட்டிய சரிவை நேரில் பார்க்க விரும்பினால், ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டிப் போகத் தயாராக இருக்கிறேன். மேலே ஏற இரண்டரை மணி நேரம் ஆகும், வழியில் தண்ணீர் கிடைக்காது, கையில் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
தொர்தேரா பள்ளத்தாக்கில் ஒரு நாற்றங்கால் தொழிலாளி